உப்புத்தொட்டியில் ஒரு முழுக்கு

இப்போதெல்லாம் ஒருவன் நோயில் விழுந்தால் கஞ்சி குடித்தானா என்று கேட்க நாதி இல்லை. யார் கையால் ஞானஸ்நான முழுக்கு வாங்கப் போகிறான் என்றுதான் கேட்கிறார்கள். தும்மினால்கூட, எந்தக் கோவில் பக்கம் முகத்தை வைத்துத் தும்மினான் என்று கவனிக்கிற காலம். என் இளமையில் இந்த கான்ஸ்டான்டினோபிளில் சண்டை என்றால் தேர்ப்பந்தயத்துக்குத்தான். நீலச் சட்டைக்காரன் பச்சைச் சட்டைக்காரனின் மூக்கை உடைப்பான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் குடிப்பார்கள். இப்போது மூக்கோடு விடுவதில்லை, நேராக நரகத்துக்கே அனுப்புகிறார்கள். அங்கே போனவன் சாயங்காலம் குடிக்க வருவதில்லை.

சண்டை இதுதான்: கிறிஸ்து பிதாவுக்குச் சமமா, ஒரு படி கீழா. சமம் என்கிறவர்களைச் சமக்காரர்கள் என்போம். கீழே என்கிறவர்களை, அவர்கள் காதில் விழாமல், கீழ்க்காரர்கள் என்போம். பேரரசர் மாறும்போதெல்லாம் கோவில் சாவி கைமாறும். அதற்கு முந்தின நாள்வரை உள்ளே இருந்து சபித்தவர்கள் வெளியே நின்று சபிப்பார்கள். சாவி யார் கையில் இருந்தாலும் என் கருவாடு விற்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் பெயர் கார்போஸ். துறைமுகத்துக்குப் பின்னால் சூரை மீனுக்கு உப்புப் போடும் தொட்டிகள் வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் படிப்பில்லை. படித்தவர்கள் பேசுவதைப் பார்த்த பிறகு அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

கிழவனாகியும் நான் ஞானஸ்நானம் வாங்காதவனாகவே இருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதி ஊர் அப்படித்தான். முழுக்கு வாங்கினால் அதுவரை செய்த பாவமெல்லாம் போய்விடும். அதற்குப் பின் செய்வது ஒட்டிக்கொள்ளும். ஆகவே புத்தியுள்ளவன் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுவான். என்னைவிடப் புத்தியுள்ளவன் யார்? மீனைச் சீக்கிரம் தொட்டியில் இறக்கினால் உப்பு ஏறிக் கரிக்கும், தாமதித்தால் நாறும். மீனுக்கு நேரம் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தன்னை இறக்க நேரம் பார்க்கத் தெரியாதா என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். கடவுளிடமே பேரம் பேசி ஜெயித்துவிடலாம் என்று நினைத்த மடையன் நான்.

என் மனைவி அம்மியா எனக்கு முன்னால் போய்விட்டாள். நான் உப்பு வாங்க அக்கரைக்குப் போயிருந்த சமயம் காய்ச்சல் வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். கடைசி நேரத்தில் அவள் முழுக்கு வாங்கிவிட்டாள் என்று மகள் ரோதே சொன்னாள். நிம்மதியாக இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மியாவின் தம்பி சோதிகோஸ், மேற்கு வாயிலுக்கு வெளியே சமக்காரர்களின் புதைநிலத்துக்குக் காவலன். அக்காவுக்கு அங்கே சைப்ரஸ் மரத்தடியில் நல்ல இடமாகக் கொடுத்தான். பக்கத்தில் எனக்கும் ஓர் ஆள் நீளம் விட்டுவைத்தான். மூடுகல்லுக்கு என் பழைய தொட்டியின் அடிக்கல்லைக் கொண்டுபோய்ப் போட்டேன். உப்புநீர் வடிய நடுவில் ஏற்கனவே ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் அவளுக்குத் திராட்சை மது ஊற்றுவேன். மழைக்காலத்தில் அந்தக் கல்லில் இன்னும் உப்புப் பூக்கும். குனிந்து ஓட்டைக்குள் பேசவும் செய்வேன். உயிரோடு இருந்தபோது நான் பேச மாட்டேன், அவள் பேசுவாள். இப்போது மாறிவிட்டது.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஆள் நீளம்தான். சொர்க்கம் இருந்தால் இருக்கட்டும். எல்லோரையும் எழுப்புகிற நாள் என்று ஒன்று வந்தால், கண்ணைத் திறக்கும்போது பக்கத்தில் அம்மியா இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் முழங்கை இடிக்கக் கூடாது.

போன குளிர்காலத்தில் ஒரு கப்பல் தலைவனின் மனைவி கடைக்கு வந்தாள். சூரையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"பெரியவரே, இது என்ன வாசனை?"

"கடல் வாசனைம்மா."

"எந்தக் கடல்? செத்த கடலா?"

நான் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய துண்டை வெட்டி வாயில் போட்டு, அவள் கண்முன்னேயே மென்று விழுங்கினேன். அவள் வாங்கவில்லை. புத்திசாலி. நான் அன்று சாயங்காலமே தரையில் சுருண்டுவிட்டேன். மறுநாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின் ஒன்றும் நினைவில்லை. வாழ்நாளெல்லாம் ஊருக்கு விற்றதை ஒருநாள் தின்றேன், அவ்வளவுதான்.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது உலகம் தலைகீழாக இருந்தது. என் கால்கள் இரண்டும் மேலே, மருமகன் யூத்திகோஸின் கையில். தலை என் சொந்தத் தொட்டிக்குள். வாலைப் பிடித்து எத்தனை சூரையை அப்படி இறக்கியிருப்பேன்!

நடந்ததைப் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யூத்திகோஸ் கப்பலுக்குப் பாய் தைப்பவன், கீழ்க்காரர்களில் முரட்டுக் கீழ்க்காரன். நான் முடிந்துபோனேன் என்று ரோதே அலறியதும் ஓடிப்போய்த் தங்கள் சபை மூப்பரைக் கூட்டி வந்திருக்கிறான். அவர்கள் முறைப்படி முழுக்கு ஒன்றே ஒன்றுதான். அதுவும் தலையிலிருந்து மார்புவரைதான். இடுப்புக்குக் கீழே மனிதன் கழுவத் தகாதவனாம். என் பருமனுக்கு மார்புவரை இறங்குகிற மாதிரி வீட்டில் வேறு பாத்திரம் இல்லை. தொட்டியிலிருந்த மீனை வாரிக் கொட்டிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, என்னைக் கவிழ்த்துவிட்டார்கள். அவசரத்தில் தொட்டியைக் கழுவவில்லை. உப்பும் செதிலுமாக மூக்கிலும் வாயிலும் ஏறியது. வெளியே இழுத்ததும் வயிற்றிலிருந்தது அத்தனையும் வந்தது. அந்தப் பெரிய துண்டும் வந்தது. மூப்பரின் அங்கி மேலேயே வந்தது.

எனக்கு உயிர் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா! செத்தவரு எழுந்திட்டாரு!" என்று யூத்திகோஸ் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "நம்ம முழுக்குதான் உண்மையான முழுக்கு. இதுக்கு மேல சாட்சி என்ன வேணும்?"

நான் சாகக் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு ஓடி வந்த சோதிகோஸ் வாசற்படியில் நின்றிருந்தான்.

"சாட்சியாம் சாட்சி. அது வாந்திடா! அந்தாளு தின்ன மீன் வெளிய வந்திருக்கு. அதையும் ஆண்டவர் கணக்குல எழுதாதீங்க."

"பொறாமைல பேசாதீங்க. மாமா, நீங்களே சொல்லுங்க. நீங்க முன்னாடியா, உங்க அப்பா முன்னாடியா?"

"அப்பாதான்" என்றேன், பல் கிட்டியபடி.

"அவ்வளவுதான் விஷயம்! மகன் இல்லாத காலம்னு ஒண்ணு இருந்திருக்கு. மகன்னு சொன்னாலே பின்னாடி வந்தவருதானே?"

"அடேய்! விளக்க ஏத்துன உடனே வெளிச்சம் வருதா, இல்ல மறுநாள் வருதா? விளக்கு இருந்து வெளிச்சம் இல்லாத நேரம் எது, காட்டு பாப்போம்!"

"விளக்குக்கு எண்ணெய் ஊத்தணும். ஆண்டவருக்கு யாரு எண்ணெய் ஊத்துனா?"

"டேய், குளுருதுடா!" என்றேன். "யாராவது ஒரு துணி குடுங்கடா."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோதேதான் போர்வையைக் கொண்டுவந்து சுற்றினாள். "ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்கோங்க" என்று அவள் சொன்னதும் இருவரும் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார்கள். அப்பன் மேலா, பிள்ளை மேலா என்று என் வீட்டைப் பார்த்துக் கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இப்படியாக நான் ஞானஸ்நானம் பெற்றவன் ஆனேன். அத்தனை ஆண்டு சேர்த்துவைத்திருந்த கடைசி முழுக்கை உயிர் பிழைத்து வீணாக்கியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். இனிமேல் செய்வதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாகிறவனுக்குச் சரி, கடை வைத்திருப்பவனுக்கு?

ஒரு வாரம் வெள்ளை உடுத்த வேண்டும், குளிக்கக் கூடாது என்பது எல்லாக் கட்சிக்கும் பொதுவான விதி. கருவாட்டுக்காரன், வெள்ளை உடையில், குளிக்காமல், ஒரு வாரம். தெரு நாய்கள் மட்டும் மிகுந்த பக்தியோடு பின்னால் வந்தன. வியாபாரமும் அந்த வாரத்தில் படுத்துவிட்டது.

"மீன் நல்லாருக்கா தாத்தா?" என்பார்கள்.

"எனக்கு ஒத்துக்கல" என்பேன்.

பொய் சொல்லப் பயம். கடவுள் மேல் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, பயம் நிறையவே இருந்தது.

வாரம் முடிந்ததும் குளித்துவிட்டு, மதுக் குடுவையை எடுத்துக்கொண்டு அம்மியாவிடம் போனேன். சோதிகோஸ் வாசலிலேயே மறித்தான். அதற்குச் சில மாதம் முன்னால்தான் புதுப் பேரரசர் வந்து, சாவி சமக்காரர்கள் கைக்கு மாறியிருந்தது. யாரோ வீட்டு மாடியில் ஒளிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஊரின் பெரிய கோவிலே கிடைத்துவிட்டது. அது சோதிகோஸின் நடையில்கூடத் தெரிந்தது.

"அத்தான், ஊத்திட்டுப் போங்க. வேண்டாங்கல. ஆனா நான் சொல்லப்போறது கசக்கும். உங்களுக்கு இங்க இடம் இல்ல."

"ஏன்டா, யாராவது முந்திக்கிட்டாங்களா?"

"முழுக்கே வாங்காம வந்திருந்தா, ஏதோ வாசலுக்கு வந்து நின்னவருன்னு சொல்லி உள்ள விட்டிருப்பேன். நீங்க தப்பான முழுக்கு வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க. இல்லாததவிட அது மோசம். எங்க மூப்பர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. ஒரு முழுக்குக்காரன் எலும்பு ஒண்ணுகூட நம்ம மண்ணுல இருக்கக் கூடாதாம்."

"எனக்குப் பாதி உடம்புதானேடா நனைஞ்சுது? இடுப்புக்குக் கீழ நான் இன்னும் பழைய ஆளுதான். அந்தப் பாதிய மட்டுமாவது புதைச்சுக்கோயேன்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காக உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"விளையாடாதீங்க. உங்களுக்காக மூப்பர்கிட்டப் பேசிட்டேன். எங்ககிட்ட வந்து மூணு முழுக்கு வாங்கிக்கோங்க, தலையிலிருந்து கால் வரைக்கும். முன்னாடி வாங்குனது வாங்கவே இல்லாத மாதிரி ஆயிரும். உங்க வயசப் பாத்து, வழக்கமா முழுக்கு குடுக்கிற பெரிய திருநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு."

நான் நின்று யோசித்தேன். முதல் முழுக்கு செல்லாது என்றால், அதற்குப் பிறகு செய்த பாவமும் சேர்ந்து கழுவப்படும். லாபம்தான். ஆனால் பிறகு செய்த பாவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. வெள்ளை உடுத்தியிருந்த வாரம் ஒரு பொய்யும் சொல்லாமல் கடையைக் கெடுத்தது தண்டம்.

"சரி, வரேன்" என்றேன்.

வீட்டில் யூத்திகோஸ் குதித்தான்.

"போங்க மாமா, போங்க. உயிர் குடுத்த தண்ணியத் துப்பிட்டுப் போங்க. அப்புறம் இந்த வீட்டுல உங்களோட உக்காந்து நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்."

"நீ சாப்பிடலன்னா எனக்கு ரொட்டி மிச்சம்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல!"

"நான் மட்டும் விளையாட்டுக்கா தலைகீழாத் தொங்குனேன்?"

அவன் முகம் வாடிவிட்டது. முரடனே தவிர கெட்டவன் இல்லை. என் காலைப் பிடித்துத் தூக்கியதில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு அன்றுவரை சரியாகவில்லை.

குறித்த நாள் காலையில் ரோதே முழுக்குக்கு முன் பூசிக்கொள்கிற ஒலிவ எண்ணெய்க் குப்பியும் துவைத்த துணியும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அப்பா, போகாதீங்க."

"உன் புருஷன் சொல்லி அனுப்புனானா?"

"இல்ல." அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அம்மாவுக்கும் அதே மூப்பர்தான்."

"எந்த மூப்பர்?"

"உங்களத் தொட்டியில போட்டவரு. அம்மாவுக்கு மாவு பிசையற மரத்தாழி. ஒரே ஒரு தடவதான். சோதிகோஸ் மாமாவோட மூப்பர் அப்போ ஊரவிட்டு விரட்டப்பட்டு எங்கேயோ இருந்தாரு. நீங்க அக்கரையில. அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. நான் யாரக் கூப்பிடுவேன்?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா வந்து, முழுக்கு வாங்கிட்டாளான்னு கேட்டாரு. வாங்கிட்டான்னேன். யாரு குடுத்ததுன்னு கேக்கல. நானும் சொல்லல. சொல்லியிருந்தா அந்த இடம் கிடைச்சிருக்குமா?"

"உங்கம்மா ஏதாவது சொன்னாளா?"

"தண்ணி ஜில்லுன்னு இருக்குன்னா. அப்புறம், நீங்க வந்தா சாப்பிட, பயறுக் கஞ்சிய மூடி வைக்கச் சொன்னா."

அந்தக் கஞ்சியை அன்று நான் குடித்தது நினைவுக்கு வந்தது. உப்பில்லை என்று முனகிக்கொண்டே குடித்தேன்.

ரோதே எண்ணெயையும் துணியையும் என் மடியில் வைத்தாள். "இப்ப நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கும் கோவிலுக்கும் இடையில் என் மண்டை பட்ட பாட்டை மூப்பர்கள் யாரும் பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்றால், ஒரு முழுக்கு ஓர் இடத்துக்குப் போகிறது, மூன்று முழுக்கு வேறிடத்துக்குப் போகிறது. நான் மூன்று வாங்கினால் அவள் பக்கத்தில் படுக்கலாம், ஆனால் எழுந்த பிறகு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாங்காவிட்டால் அவள் போகிற இடத்துக்கே போவேன், ஆனால் படுக்க இடமில்லை. அவள் சங்கதியை வாய் திறந்து சொன்னாலோ, அவளையே தோண்டி வெளியே போட்டுவிடுவார்கள். மூப்பர்கள் சொல்வது பொய் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டியதில்லை. பொய்யா உண்மையா என்று கேட்டால், இரண்டு கட்சியையும் நான் நம்பவில்லை. நம்பாதவனுக்கு எதற்கு இவ்வளவு கவலை என்றும் புரியவில்லை. இப்படி ஒரு மூடன் யோசித்துக்கொண்டே நடந்தால் கால் தானாகப் போய்க் கோவிலில் நிற்கும். நின்றது.

வெளிக்கூடத்தில் செருப்பையும் மேலாடையையும் கழற்றச் சொன்னார்கள். உள்ளாடையோடு ஒரு சாக்கின் மேல் வெறுங்காலில் நின்றேன். எனக்குப் பின்னால் இன்னும் சிலர் வரிசையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சோதிகோஸ் சுவரோரம் என் செருப்பையும் துணியையும் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரன் மாதிரி சிரித்தபடி நின்றான். மூப்பர் வந்தார். ஒல்லியான மனிதர், ஜலதோஷம் வேறு.

"பெரியவரே, மேற்குப் பக்கம் திரும்புங்க. அது இருட்டோட பக்கம், சாத்தான் இருக்கிற திசை. கைய நீட்டுங்க. நான் சொல்றதச் சொல்லுங்க. சாத்தானே, உன்னை விட்டேன்."

"சாத்தானே, உன்னை விட்டேன்."

"உன் வேலைகளையும் விட்டேன்."

"விட்டேன்."

"உன் பொய் முழுக்கையும், அதை வாங்கினவர்கள் அத்தனை பேரையும் விட்டேன். சொல்லிட்டு அந்தப் பக்கமாத் துப்புங்க. அப்புறம் கிழக்கே திரும்பி, குமாரன் பிதாவுக்குச் சமம்னு சொல்லிட்டு உள்ள தண்ணிக்குப் போகலாம்."

கூடத்தின் கதவு மேற்கே பார்த்தது, திறந்திருந்தது. அங்கிருந்து தெரு நேராக மேற்கு வாயிலுக்குப் போகிறது. வாயில் வளைவுக்குள் சைப்ரஸ் மரங்களின் உச்சி தெரிந்தது. அதற்கடியில்தான் என் தொட்டிக் கல். அதற்கடியில்தான் அம்மியா.

வாழ்நாளெல்லாம் துப்பக் கூடாத இடத்தில் எல்லாம் துப்பியவன் நான். கடைத்தெருவில் அதற்காக அவளிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன்! அன்று எச்சில் வரவில்லை.

"துப்புங்க பெரியவரே."

"வாய் வறண்டிருச்சு ஐயா."

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. பின்னாடி ஆள் நிக்குது." யாரிடமோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு குவளை வந்தது. நான் அதை முழுக்கக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நின்ற முகமாகவே நடக்க ஆரம்பித்தேன்.

"வெளிய போய்த் துப்பணும்னு இல்ல! இங்கேயே துப்பலாம்!" என்று மூப்பர் பின்னாலிருந்து கத்தினார்.

நான் கதவைத் தாண்டிவிட்டேன். ரொட்டி விற்கிறவள் என் உள்ளாடையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். தெருமுனையில் சோதிகோஸ் மூச்சு வாங்க ஓடி வந்து பிடித்தான்.

"அத்தான்! செருப்பு! உங்களுக்கு என்ன பைத்தியமா? மூணு முழுக்கு, முடிஞ்சுது கதை. எல்லாரும் பாத்துட்டாங்க. நான் மூப்பர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"சோதிகோஸு, ஒண்ணு கேக்கறேன். ஒரு முழுக்கு வாங்குன பொம்பள ஒருத்தி தெரியாம உன் மண்ணுல ஏற்கனவே படுத்திருந்தா என்னடா பண்ணுவ?"

"தோண்டி எடுத்து வெளிய..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். மேற்கு வாயிலைப் பார்த்தான். பக்தி இருக்கிறதே தவிர அவன் முட்டாள் இல்லை.

"யாரு சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான் சும்மா கேட்டேன்."

ஒரு மாட்டு வண்டி வந்தது. இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். வண்டி போன பிறகும் அவன் ஒதுங்கியே நின்றான், என் செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு.

"மழைக்காலத்துல அந்தக் கல்லுல உப்புப் பூக்குதில்ல" என்றான் கடைசியில். "நான்தான் தொடைக்கிறேன். வேற யாரையும் தொட விடறதில்ல. என் அக்கா அங்கேயிருந்து எங்கயும் போக மாட்டா. நீங்க என்கிட்ட எதுவும் கேக்கல. நான் எதுவும் கேட்டுக்கல."

"சரி, நான்?"

அவன் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"மூப்பர் ஊர்ல இல்லாத நாளாப் பாத்துச் சாவுங்க. திருநாள் முடிஞ்சா அக்கரைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போவாரு. நாலஞ்சு நாள் இருப்பாரு. லேசா மழை பெஞ்சிருந்தா இன்னும் நல்லது, மண்ணு இளகியிருக்கும்."

"உன் வாக்க நம்பலாமா?"

"கேக்கறது யாரு? கருவாட்டுக்காரரு!"

செருப்பைக் கீழே போட்டான். நான் மாட்டிக்கொண்டேன். துணியைத் தோளில் போட்டுவிட்டவன், விடாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. மனசுக்குள்ள நீங்க என்ன நினைக்கிறீங்க? சமமா, கீழா?"

"தலைகீழாத் தொங்குனவன்கிட்ட வந்து எது மேல, எது கீழன்னு கேட்டா எப்படிடா?"

"இது பதில் இல்ல."

"எங்கிட்ட இருக்கறது இதுதான்."

அவன் நுனியை விட்டான். திரும்பிப் போய் மூப்பரிடம் என்ன சொன்னானோ தெரியாது. அத்தானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லியிருப்பான். அது பாதி உண்மைதான்.

நான் மேற்கு வாயிலைப் பார்த்து நடந்தேன். திருநாள் வர இன்னும் காலம் இருந்தது, அதுவரை நான் உயிரோடு இருக்க வேண்டும், அப்புறம் சரியான நாலைந்து நாளுக்குள் சாக வேண்டும். நேரம் பார்த்து இறங்குகிற வேலையில் என் திறமை ஊருக்கே தெரியும். அவன் வாக்கையும் நான் முழுக்க நம்பவில்லை. மது கொண்டுவர மறந்துவிட்டேன், வெறுங்கையோடு போகிறேன் என்பது வாயிலை நெருங்கும்போதுதான் உறைத்தது. பின்னால் இரண்டு நாய்கள் வந்துகொண்டிருந்தன. வெள்ளை உடை இல்லாவிட்டால் என்ன, வாசனை இருக்கிறதே.